எழுபத்தெட்டாவது தாய்ப் பென்சில்

பென்சில் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் எச்பி அக்காவுக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. வாசல் காவலாளியிலிருந்து மேனேஜர்வரை எல்லாருக்கும் அவர் எச்பி அக்காதான். தையல் கடை வைத்திருக்கும் கணவர்கூட, வீட்டில் சண்டை வரும்போல் தெரிந்தால், "என்ன எச்பி, இன்னைக்கு முனை ரொம்பக் கூரா இருக்கே?" என்றுதான் ஆரம்பிப்பார். பாதிச் சண்டை அங்கேயே சிரிப்பாகிவிடும். மீதிப் பாதியை அக்கா விடமாட்டார்.

அவர் வேலை கோடு போடுவது. இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். கோடு போடுவதற்கெல்லாம் ஒரு சம்பளமா என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் ஒரே தாளில் நூறு கோடு, அழுத்தம் துளியும் கூடாமல் குறையாமல் போட்டுக் காட்டட்டும், பிறகு பேசலாம். இருபத்தாறு வருடத்துக்கு முன் இந்த வேலைக்குப் பதினோரு பேர் வந்தார்கள். பத்துப் பேருக்கு நாற்பதாவது கோட்டிலேயே கை கனத்துவிட்டது. அக்கா நூறையும் போட்டுவிட்டு, தாளில் இடம் மிச்சமிருக்கிறதே என்று இன்னும் ஏழு போட்டார். அன்றைக்கே அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

உட்கார்ந்த இடம் இன்றும் மாறவில்லை. மாடியில், நேர்வெயில் விழாத ஜன்னலோரம், ஒரு நீள மேஜை. இழுப்பறைக்குள் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி. பெட்டிக்குள் ஆறு பள்ளம், பள்ளத்துக்கு ஒரு பென்சில்: டூ எச், எச், எச்பி, பி, டூ பி, ஃபோர் பி. இவற்றுக்குத் தொழிற்சாலையில் தாய்ப் பென்சில் என்று பெயர். ஒவ்வொரு தொகுதி தயாராகும்போதும் அதில் நாலு பென்சிலை எடுத்து, சொரசொரப்பான தாளில், கையின் பாரத்தை மட்டும் வைத்து அக்கா பத்துக் கோடு போடுவார். பக்கத்திலேயே அந்த ரகத்தின் தாயால் பத்துக் கோடு. இரண்டும் ஒன்றாக இருந்தால் முத்திரை குத்தலாம். வெளுத்திருந்தால், "களிமண் ஒரு பிடி கம்மி பண்ணுங்க" என்று கீழே கரித்தூளைக் களிமண்ணோடு குழைத்துச் சுடும் சூளைக்காரருக்குச் சீட்டுப் போகும். கறுத்திருந்தால் ஒரு பிடி கூட்டச் சொல்லிப் போகும். முனை தாளில் போகும்போது விரலில் தட்டுப்படும் இழுப்பைத்தான் கண்ணைவிட அதிகமாக நம்புவார் அக்கா.

தாய்க்கும் ஆயுசு உண்டே. சீவிச் சீவிச் சுண்டுவிரல் அளவுக்கு வந்ததும், அன்றைய தொகுதியில் அதற்கு அச்சாக ஒத்துப்போகும் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் வைப்பார். மகள் தாயாகிவிடுவாள். எச்பி தினமும் ஓடுகிற ரகம் என்பதால் வருடத்துக்கு மூன்று தாய் தேவைப்பட்டது. இப்போது பெட்டியில் இருப்பது எழுபத்தெட்டாவது. மற்ற ரகங்களுக்கு அவ்வளவு வேலை கிடையாது. பி ரகத்துக்கு இந்த இருபத்தாறு வருடத்தில் இரண்டே முறைதான் தாய் மாறியிருக்கிறது.

இந்த வலது கையை அக்கா பாதுகாத்த கதையை அவருடைய நாத்தனாரிடம்தான் கேட்க வேண்டும். தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது இடது கை. கதவைத் தள்ளுவது இடது தோள். துணி பிழிவது புருஷன். "எங்க அண்ணி வலது கை மகாராணி, இடது கை வேலைக்காரி" என்று நாத்தனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். துணியை மட்டும் பிழியமாட்டார்.

மாதத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வருவார்கள். கதை சொல்லும் பொறுப்பும் அக்கா தலையில்தான். அவருக்கு அதில் கொள்ளை ஆசை. "ரொம்பக் காலத்துக்கு முன்னாடி ஒரு மலையில பெரிய காத்து அடிச்சு மரம் சாஞ்சுச்சாம். வேருக்கடியில பாத்தா கன்னங்கரேல்னு ஒரு கல்லு. ஆடு மேய்க்கறவங்க அதை எடுத்து ஆட்டு முதுகுல அடையாளம் போட்டாங்க. ஈயம்னு நினைச்சுட்டாங்க. ஈயமும் இல்லை, ஒண்ணும் இல்லை, அது ஒரு வகைக் கரி. அதனால பென்சிலைக் கடிச்சா விஷம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஆனா கடிக்காதீங்க, பாக்க நல்லா இல்லை." பிள்ளைகள் வாயிலிருந்த பென்சிலை எடுத்துவிடுவார்கள். "அப்புறம் ஒரு சண்டை வந்துச்சு. கல்லு இருக்கற நாடு இல்லாத நாட்டுக்குக் குடுக்க மாட்டேன்னுட்டுது. இல்லாத நாட்டுல ஒருத்தர் யோசிச்சார். கிடைச்ச தூளைக் களிமண்ணோட குழைச்சுச் சூளையில சுட்டார். களிமண் கூடினா குச்சி இறுகும், கோடு வெளுக்கும். குறைஞ்சா மெதுவாகும், கோடு கறுக்கும். இறுகினதுக்கு எச், கறுத்ததுக்கு பி, நடுவுல நிக்கறதுக்கு ரெண்டு எழுத்தும். அவ்வளவுதான் ரகசியம். இந்தக் கரி கெட்டுப் போகாது, காயாது. நூறு வருஷம் கழிச்சு எடுத்துக் கோடு போட்டாலும் அதே கோடுதான்." இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அக்காவை மடக்கியது அதுதான்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு கடிதம் வந்தது. குடிநீர்க் குழாய் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எழுதியிருந்தார். "ஐயா, உங்கள் எச்பி இப்போது எச்பியாக இல்லை. கறுக்கிறது. கை பட்டால் கோடு இழுவிப் பரவுகிறது. இந்த வரியைப் பழைய துண்டுப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். அடுத்த வரியைப் போன மாதம் வாங்கியதால் எழுதுகிறேன். வித்தியாசத்தை நீங்களே பாருங்கள். உங்கள் சோதனைக்காரர் தூங்குகிறாரா?"

இரண்டு வரிக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்தது. ஆனால் கோபத்தில் எழுதும் கை இரண்டாவது வரியில் அழுத்தாதா என்ன? மேனேஜர் சிரித்தார், சூளைக்காரர் சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தூங்குகிறாரா என்ற சொல் முள்ளாகத் தைத்தது. பதிலை அவரே சொல்லச் சொல்ல எழுதினார்கள்: பென்சில் சரியாகவே உள்ளது, வயது கூடும்போது கை தானாக அழுத்தும், தாங்கள் எச் ரகத்தை முயன்று பார்க்கலாம். கீழே தன் கையெழுத்தை நன்றாகப் பெரிதாகப் போட்டார். அதோடு அந்தப் பெரியவர் வாயை அடைத்தாயிற்று என்று நினைத்தார்.

வாய் அடைத்துத்தான் போயிற்று. இந்த மாத ஆரம்பத்தில் அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. கோபம் துளியும் இல்லை. "நீங்கள் சொன்னது சரி. கை போய்விட்டது. எச் எனக்கு ஒத்துவரவில்லை, தாளைக் கீறுகிறது. வரைவதை நிறுத்திவிட்டேன். இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய உங்கள் எச்பி ஆறு, பிரிக்காமல் என்னிடம் இருக்கிறது. எனக்கு இனி உதவாது. உங்கள் கண்ணாடி அலமாரியில் வைக்க உதவுமானால் யாராவது வந்து எடுத்துப் போகலாம்."

மேனேஜருக்கு ஒரே குஷி. வரும் வெள்ளிக்கிழமை உணவுக்கூடத்தில் ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. சோதனைப் பிரிவு பெரிதாகிறது, புதிதாக மூன்று பேர் வருகிறார்கள், பிரிவுக்குத் தலைவி எச்பி அக்கா. அதுவரை தினமும் மேனேஜரிடம் வாங்கித் திறந்த தகரப் பெட்டியின் சாவியை எல்லார் முன்னாலும் அவர் கையில் கொடுப்பதாக ஏற்பாடு. பக்கத்தில் பழைய பொருள்களை வைத்து ஒரு சின்னக் காட்சியும் உண்டு. "நீங்களே போய் வாங்கிட்டு வந்துடுங்கக்கா" என்றார் மேனேஜர்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போனார். சின்ன வீடு. கூடத்து ஜன்னலோரம் நல்ல வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் சாய்மேஜை ஒன்று படுத்த வாக்கில் கிடந்தது. வரைபலகை போட்ட அசல் மேஜை. அதன்மேல் போர்வையை விரித்துப் பெரியவரின் மருமகள் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, பென்சில் கம்பெனியிலேர்ந்து வந்திருக்காங்க."

பெரியவர் உள்ளேயிருந்து வந்தார். சட்டைப் பையில் பேனாவோ பென்சிலோ இல்லை. இருந்த இடம் மட்டும் துணி தொய்ந்து தெரிந்தது. உட்காரச் சொன்னார், டீ கொடுக்கச் சொன்னார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் பதில்களை அடுக்கி வைத்துக்கொண்டு வந்திருந்த அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நீங்கதானேம்மா அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போட்டது? நல்லவேளை சொன்னீங்க. வீட்ல யாரும் நேராச் சொல்ல மாட்டாங்க பாருங்க" என்றார் பெரியவர். "பையன் வீடு கட்டப் போறான். பிளான் நான்தான் போட்டுத் தரேன்னு சொல்லியிருந்தேன். இந்த ஆறையும் அதுக்குன்னே எடுத்து வச்சிருந்தேன். இப்ப கம்ப்யூட்டர்ல போடறவர் ஒருத்தரைப் பாத்திருக்கோம்."

"ஏன் ஐயா, இதைப் பிரிச்சு ஒரு தடவை போட்டுப் பாத்திருக்கலாமே?"

"இதுலயும் கறுத்துட்டா?" என்று கேட்டார் பெரியவர். பிறகு டீயைக் குடித்தார்.

மருமகள் வாசல்வரை வந்து, "மாமா இப்பல்லாம் டிவிதாங்க பாக்கறார்" என்று மெதுவாகச் சொன்னார். அக்கா பென்சில் பெட்டியை மார்போடு அணைத்தபடி பேருந்தில் ஏறினார். வழியெல்லாம் அந்தப் பெரிய கையெழுத்துதான் கண்முன் நின்றது.

திங்கட்கிழமை காலை. காட்சிக்கு வைப்பதற்கு முன் ஒன்றைச் சீவி வைத்தால் அழகாக இருக்குமே என்று அக்கா ஒரு பென்சிலைச் சீவினார். சீவிய பென்சில் கைக்கு வந்தால் கை சும்மா இருக்குமா? பத்துக் கோடு போட்டது. பழக்கம்தான். பக்கத்தில் எழுபத்தெட்டாவது தாயை எடுத்துப் பத்துக் கோடு. அதுவும் பழக்கம்தான். மூன்றாவது கோடு போகும்போதே விரல் சொல்லிவிட்டது. பழையது தாளை மெல்லப் பிடித்துப் பிடித்துப் போனது. தாய் வழுக்கிக்கொண்டு போனாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பழைய கோடு சாம்பல். தாயின் கோடு கறுப்பு.

பழையது காய்ந்து இறுகியிருக்கும் என்று ஒரு நிமிடம் மனதைத் தேற்றப் பார்த்தார். இந்தக் கரி காயாது என்று மாதாமாதம் பிள்ளைகளிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வது யார்? அதற்கு மேல் மனம் தேறவில்லை.

இருபத்தாறு வருடத்தில் செய்யாத ஒரு காரியத்தை அப்போது செய்தார். எச்பியின் தாயையும் பியின் தாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு போட்டார். எச்பியை எச்பியோடு ஒப்பிடுவார்கள், பியைப் பியோடு ஒப்பிடுவார்கள். ஒரு ரகத்தை அடுத்த ரகத்தோடு ஒப்பிடுகிற வழக்கமே அங்கே கிடையாது. கோடுகள் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்போல் இருந்தன.

நடந்தது என்ன என்று புரிய அதிக நேரம் ஆகவில்லை. ஒவ்வொரு முறை புதுத் தாயைப் பொறுக்கும்போதும் ஒன்றுபோல் இரண்டு மூன்று பென்சில் கிடைக்கும். அதில் எது கைக்குச் சுகமாக வழுக்கிற்றோ அதை எடுத்தார். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. சுகம் மட்டும்தான் தெரியும். அடுத்த நாலு மாதம் சூளைக்காரர் அந்தத் தாய்க்குத் தக்கபடி களிமண்ணைக் குறைப்பார். அப்புறம் அதிலிருந்து இன்னும் கொஞ்சம் சுகமான ஒன்று. எழுபத்தெட்டு முறை. மகாராணிக்குச் சுகம் பழகிவிட்டது. அதற்கு அந்தப் பெரியவர் தன் கையைப் பழி சொல்லிக்கொண்டு டிவி பார்க்கிறார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கணவரின் தையல் மெஷின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். தையல்காரர் மெஷினை நிறுத்தினார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"உனக்கு ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. கல்யாணம் ஆன புதுசுல என்கிட்ட ஒரு துணி நாடா இருந்துச்சு. இழுத்து இழுத்து அது அரை அங்குலம் நீண்டு போச்சு. எனக்குத் தெரியலை. ஆளை நாடாவால அளந்து துணியை மர ஸ்கேலால வெட்டுவேனா, ஒரு வருஷம் தச்ச பேன்ட் எல்லாம் கட்டை. ஒருத்தர் வந்து, 'என்னப்பா, எனக்கு இந்த வயசுக்கு மேல கால் வளருதா?'ன்னு கேட்டார். நானும் 'வளரும் சார், சில பேருக்கு வளரும்'னேன்."

அக்கா சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தார். முடியவில்லை.

"அப்புறம் புது நாடா வாங்கினப்பதான் விஷயம் தெரிஞ்சது. அவர்கிட்ட சொல்லலை. இன்னைக்கும் அவர் கடை வாசல்ல போனா நான் குனிஞ்சு ஊசியில நூல் கோக்கறேன். இருபத்துமூணு வருஷமா அவர் போகும்போதெல்லாம் நூல் கோத்துட்டே இருக்கேன்." தையல்காரர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "என்ன செய்யணுமோ நீயே முடிவு பண்ணிக்கோ."

செவ்வாய்க்கிழமை அக்கா மேனேஜரிடம் தாளைக் காட்டினார். மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் சிக்கல் என்றால் பூசி மெழுகிவிடுகிற மனிதர். "அக்கா, இதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஒரே ஒருத்தர் கேட்டார், அவரும் இப்ப ஒத்துக்கிட்டார். ஒரு டஜன் பெட்டியை அழகாக் கட்டி அனுப்பிடுவோம். வெள்ளிக்கிழமை உங்களுக்கு மரியாதை பண்ணப் போறோம், அன்னைக்குப் போய் எங்க கைதான் தப்புன்னு யாராவது சொல்வாங்களா?"

அக்கா மாடிக்குப் போய் நூற்றிருபது துண்டுக் காகிதம் வெட்டினார்.

வெள்ளிக்கிழமை உணவுக்கூடத்தில் அறுபது பேர். மேனேஜர் பேசினார், கை தட்டினார்கள். சாவியைக் கொடுத்தார், இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். "ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா" என்றார்.

"பேச வராது சார். ஒரு விளையாட்டு வேணா வச்சிருக்கேன்" என்றார் அக்கா. ஆளுக்கு இரண்டு பென்சில் கொடுத்தார். முத்திரை தெரியாமல் காகிதம் சுற்றி, ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தது. "இதுல ஒண்ணு நம்ம எச்பி, இன்னொண்ணு நம்ம பி. கோடு போட்டுப் பாத்து எது எதுன்னு சொல்லணும். இத்தனை வருஷமா இதே சோறுதானே சாப்பிடறோம், தெரியாதா என்ன?"

ஒரே ஆரவாரம். பெட்டி கட்டுகிற பெண்கள் ஒருத்தி தாளை ஒருத்தி எட்டிப் பார்த்தார்கள். காவலாளி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். சூளைக்காரர் பென்சிலை மோந்து பார்த்தார். மேனேஜருக்கும் ஒரு ஜோடி நீட்டினார் அக்கா. அத்தனை பேர் முன்னால் வாங்காமல் இருக்க முடியுமா? போட்டுப் பார்த்து, "ரெண்டாம் நம்பர்தான் பி. இதுகூடத் தெரியாதா?" என்றார் கம்பீரமாக.

காகிதத்தைப் பிரித்தார்கள். முப்பத்தொரு பேர் சரி, இருபத்தொன்பது பேர் தப்பு. பூவா தலையா போட்டிருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும். சூளைக்காரர் தப்பு. மேனேஜரும் தப்பு; அவர் முகத்தில் ஈயாடவில்லை. கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் அக்கா பெரியவரின் பழைய பென்சிலை எடுத்து முதல் வரிசையில் கொடுத்தார். "இதையும் போட்டுப் பாருங்க. இதுவும் நம்ம எச்பிதான். இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தினது." அது கை மாறி கை மாறிப் போகப் போகக் கூடம் அமைதியானது. அது வேறு கோடு என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"ஒருத்தர் இதை எட்டு மாசம் முன்னாடியே எழுதினார். உங்க கைதான் தப்புன்னு நான் பதில் போட்டேன். அவர் வரையறதையே விட்டுட்டார். தப்பு அவர் கை இல்லை. இந்தக் கை." அக்கா வலது கையைத் தூக்கிக் காட்டினார். சாவியை எடுத்து மேனேஜர் முன்னால் வைத்தார்.

சூளைக்காரர் எழுந்தார். "அக்கா சொன்ன ஒவ்வொரு பிடியையும் குறைச்சது நான்தானே? சாவியை வைக்கறதுன்னா ரெண்டு பேரும் வைக்கணும். என்கிட்ட சாவியே குடுக்கலை, நான் எதை வைக்கறது?"

மறுபடி சிரிப்பு. மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிடித்து வைத்திருந்த கோபம் அவருக்கும் சிரிப்பில் கரைந்தது. "சரிக்கா, கம்பெனி மானத்தை வாங்கியாச்சு. இப்ப என்ன பண்ணணும்னும் நீங்களே சொல்லுங்க. எச்பியைத் திடீர்னு மாத்தினா பள்ளிக்கூடமெல்லாம் சண்டைக்கு வரும், பிள்ளைங்களுக்கு இந்த வழுக்கல்தான் பழக்கம்."

"மாத்த வேண்டாம் சார். எச்பி கறுப்புப் பக்கம் நகர்ந்ததுல அதுக்கும் எச்சுக்கும் நடுவுல ஒரு இடம் காலியாக் கிடக்கு. மத்தவங்க அந்த இடத்துல எஃப்னு ஒண்ணு போடறாங்க. நாம போட்டதே இல்லை. பெரியவரோட பென்சிலைத் தாயா வச்சு அதைப் போடலாம்."

"புது ரகமா?" மேனேஜரின் கண் அகன்றது. சாவியை எடுத்து அக்கா பக்கம் தள்ளினார். "முதல்ல இதைப் பிடிங்க."

அங்கேயே இன்னும் இரண்டு முடிவானது: இனி ஒவ்வொரு தாயையும் அக்கம்பக்கத்து ரகங்களோடும் வைத்துப் பார்க்க வேண்டும், பழைய பென்சில் ஒன்றை அரக்கு வைத்து மூடி, வருடத்துக்கு ஒரே ஒரு நாள் ஒப்பிட்டுப் பார்க்க எடுக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையே அக்கா பெரியவர் வீட்டில் இருந்தார். மிச்சம் நாலு பென்சிலை இஸ்திரி மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டை நான் எடுத்துக்கிட்டேன் ஐயா. நாலைத் திருப்பிக் குடுக்க வந்தேன். நீங்க எழுதினது சரி. நான் எழுதினதுதான் தப்பு. உங்க கைக்கு ஒண்ணும் ஆகலை." சொல்ல வேண்டியதையெல்லாம் நின்றபடியே சொன்னார், எழுபத்தெட்டு தாயையும் சேர்த்து.

பெரியவர் ஒரு பென்சிலை எடுத்தார். சீவினார். சட்டை மடிக்க வைத்திருந்த அட்டையைத் திருப்பி, மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். முடி அளவுக்கு மெல்லிசாக, ஆரம்பித்த கனத்திலேயே போய் முடிந்தது. உள்ளங்கையால் அதன்மேல் தேய்த்தார். இழுவவில்லை.

"எட்டு மாசம்!" என்று கத்தினார். மருமகள் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். "எட்டு மாசமா என் கையை நானே திட்டிட்டு இருந்தேன்! நீங்க பாட்டுக்குப் பெரிசாக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டீங்க!"

"ஆமாங்க ஐயா." அக்கா தலை குனிந்தார். இதை வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தார்.

பெரியவர் மூச்சு வாங்கினார். கோட்டைப் பார்த்தார். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். "எத்தனை தடவை மாத்தினதாச் சொன்னீங்க? எழுபத்தெட்டா?"

"ஆமாம்."

"எழுபத்தெட்டு தடவை கையாலயே நகல் எடுத்து மொத்தம் ஒரே ஒரு ரகம்தான் நகர்ந்திருக்கு?" கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அக்காவின் வலது கையையே பார்த்தார். "நான் ஒரு படத்தைப் பத்துத் தடவை நகல் எடுத்தாலே குழாய் பக்கத்துத் தெருவுக்குப் போயிடும்மா." பிறகு திரும்பி, "ஏம்மா, அந்தக் கம்ப்யூட்டர்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடு. இந்தப் போர்வையை எடு" என்றார்.

"மாமா, இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் எங்க வைக்கறது?"

"என் தலைமேல வை. முதல்ல மேஜையை விடு."

மருமகள் சட்டைகளை அள்ளிக்கொண்டு, அக்காவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அக்காவுக்கும் துடைக்க வேண்டியிருந்தது.

ஐந்து வாரம் கழித்து எஃப் பென்சிலின் முதல் டஜன் பெட்டியோடு அக்கா அங்கே போனார். பெரியவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நான் கேட்டது எச்பி, நீங்க எஃப்னு போட்டிருக்கீங்க" என்று முணுமுணுத்தார். கோடு போட்டுப் பார்த்தார். முணுமுணுப்பு நின்றது. வாயால் பாராட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. பெட்டியிலிருந்து மூன்றை உருவிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

சாய்மேஜை நிமிர்ந்து நின்றது. அதன்மேல் மகனின் வீடு விரிந்து கிடந்தது: இரண்டு அறை, நீளமான சமையலறை, மருமகள் இஸ்திரி போடுவதற்கென்றே ஜன்னலோரம் ஒரு மேடை. ஒவ்வொரு சுவரும் ஒரே கனம். தாளின் வலது மூலையில் வழக்கமான கட்டங்கள். அளவு, தேதி, வரைந்தவர் எல்லாம் எழுதியாயிற்று. அதற்குக் கீழே "சரிபார்த்தவர்" என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"ஆபீஸ்ல இந்தக் கட்டம் காலியா இருந்தா தாள் வெளியே போகாது" என்றார் பெரியவர். "உங்களுக்காகத்தான் விட்டு வச்சிருக்கேன்."

"எனக்கு வீட்டு பிளான் பத்தி என்னங்க தெரியும்?"

"கோடு தெரியுமில்ல? அது சரியா இருக்கான்னு பாருங்க."

அக்கா குனிந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டுதான் பார்த்தார், பெரியவர் அவசரப்படுத்தவில்லை. பார்த்து முடித்ததும் அவர் நீட்டிய எஃப் பென்சிலை வாங்கி, அந்தக் கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி சின்னதாக, சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் புழங்காத தன் சொந்தப் பெயரை எழுதினார்.